‘பனி’ என்றால் எந்தப் பனி?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரள மலைமேல் இருக்கும் ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் போகும் பெண்களோடு நான் அலைந்த ஆண்டுகளைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் வந்து நின்றன: பார்த்ததை எப்படிக் குறித்துவைப்பது? கல்லூரியில் 27 வருஷம் சமூகவியல் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் எனக்குக் குறிப்பெழுதச் சொல்லிக்கொடுத்தது கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பின் பின்சீட்டுதான். அங்கே படித்ததை வைத்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். விடிகாலையில் ஜீப் நிற்கும் இடத்துக்குப் போய்விடுகிறேன். நோட்டை எடுத்தால் பேச்சு நின்றுபோகிறது. எடுக்காவிட்டால் வீடு வந்து சேர்வதற்குள் பாதி மறந்துவிடுகிறது. என்ன செய்யட்டும்?
– ஆய்வு மாணவி, உத்தமபாளையம்

நீங்கள் யார், எதற்காக வந்து நிற்கிறீர்கள் என்று அவர்களுக்குத் தெரியுமா? அதை முதலில் பாருங்கள், தாயி. நான் போன புதிதில் நோட்டை விரித்ததும் ஒரு பாட்டி கேட்டார்: “எந்த ஆபீசுத்தா நீயி? எழுதிட்டுப் போயி எங்க பேர்ல எதை வெட்டப் போறீக?” முதியோர் பணம் நின்றுவிடுமோ என்பது அவர் பயம். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு யார் வாய் திறப்பார்கள்? நோட்டைப் பைக்குள் போட்டுவிட்டேன். நாலு நாள் எழுதவே இல்லை. என்ன படிக்கிறேன், எதற்கு வருகிறேன், எழுதுவதை யாரிடம் காட்டுவேன், யாரிடம் காட்டமாட்டேன் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். ஐந்தாம் நாள் நோட்டைத் திறந்து, முந்தின நாளைப் பற்றி வீட்டில் எழுதிவைத்ததை அவர்களுக்கே வாசித்துக் காட்டினேன். “நாங்க மூணாவது ஜீப்புல ஏறல, நாலாவதுல” என்று திருத்தினார் அதே பாட்டி. அதற்குப் பிறகு நான் எழுதாமல் உட்கார்ந்திருந்தால்தான் “என்ன, இன்னிக்கு நோட்டு எடுக்கலையா?” என்று கேட்டார்கள்.

அதற்காக எந்நேரமும் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. குனிந்து எழுதுகிற நேரத்தில் கண்ணுக்கு முன்னால் நடப்பது போய்விடும். உள்ளங்கை அளவு நோட்டு போதும். ஜீப் டீக்கடையில் நிற்கும்போது, அவர்கள் சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டையை மாட்டித் தலைத்துண்டு கட்டும்போது, சோதனைச்சாவடியில் வண்டி ஒதுங்கும்போது, அந்த இடைவெளிகளில் நாலு சொல். வாக்கியம் வேண்டாம். நேரம், இடம், ஆள், அவர்கள் வாயிலிருந்து வந்த ஒரு சொல். என் பழைய நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

“5.10. நாலாம் ஜீப். நீலச்சட்டை. தூக்கு கைமாறுது. ‘மதினி நீ முன்னால போ’. போகலை. கம்பி.”

வேறு யார் படித்தாலும் ஒன்றும் புரியாது. எனக்கும் ஒரு வாரம் விட்டிருந்தால் புரிந்திருக்காது. அன்று ராத்திரியே உட்கார்ந்து விரித்து எழுதியதால் இப்படி ஆயிற்று:

“காலை 5.10 மணி. நாலாவது ஜீப்பில் பத்துப் பேர் ஏறிவிட்டார்கள். நீலச்சட்டை போட்டவர் கடைசியாக வந்தார். பின்கதவுப் பக்கம் இருந்தவர் எழுந்துகொள்ளாமலே கையை நீட்டி, நீலச்சட்டைக்காரரின் தூக்குவாளியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். டிரைவருக்குப் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. உள்ளே இருந்த ஒருவர் ‘மதினி நீ முன்னால போ’ என்றார். அவர் பதில் சொல்லவில்லை. பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியிலேயே நின்றார். முன்சீட்டு மலையடிவாரம் வரை காலியாகவே போனது.”

நாலு சொல் இத்தனை வரியாக விரிவது அன்று ராத்திரி மட்டும்தான் நடக்கும். தூங்கி எழுந்தால் தூக்குவாளியும் கம்பியும் நினைவில் இருக்கும், எதற்குப் பின் எது என்ற வரிசை கலைந்துவிடும். ஒரு மணி நேரம் பார்த்ததை எழுத எனக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும், சில நாள் மூன்றும் ஆகும். அந்த நேரத்தை ஒதுக்க முடியாத நாளில் களத்துக்குப் போகாமல் இருப்பதே மேல் என்று நினைக்கிறேன். முதலில் ஒரு தாளில் ஜீப்பைக் கட்டமாக வரைந்து, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று குறியுங்கள். இருக்கை நினைவுக்கு வந்தால் பேச்சும் கூடவே வந்துவிடும். இன்னொன்று. எழுதி முடிக்கும்வரை அன்றைக்குப் பார்த்ததை வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டால், சொன்ன கதைதான் பிறகு நோட்டில் இறங்கும். கேட்பவருக்குச் சுவைக்கவேண்டுமென்று நாம் அறியாமலே சேர்த்ததும் விட்டதும் அதோடு சேர்ந்து இறங்கிவிடும். என் வீட்டுக்காரர் பல நாள் சோற்றைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார்.

கேள்வி: என் மாணவர்களைச் சந்தைக்கு அனுப்பிக் குறிப்பெழுதச் சொன்னேன். ‘வியாபாரி கோபமாக இருந்தார்’, ‘பாட்டி ஏமாந்தார்’ என்றே எழுதுகிறார்கள். எப்படித் திருத்துவது?
– ஆசிரியர், போடிநாயக்கனூர்

திட்டாதீர்கள். “கோபம் எப்படித் தெரிந்தது?” என்று மட்டும் கேளுங்கள். ‘தராசுத் தட்டைக் கையால் தள்ளினார்’ என்று ஒரு பிள்ளை சொல்லும். ‘காசைக் கையில் கொடுக்காமல் பலகையில் போட்டார்’ என்று இன்னொன்று சொல்லும். அதை எழுதச் சொல்லுங்கள். அவர்கள் பார்த்தது அதுதான். கோபம் என்பது அதிலிருந்து எடுத்த முடிவு. முடிவு தவறாகலாம், தள்ளப்பட்ட தட்டு மாறாது.

முடிவே எழுதக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். மனசில் தோன்றுவதைத் தடுத்தால் அது வேறு வேஷத்தில் உள்ளே வரும். தனியாக நிற்கட்டும். அட்சரம் பிசகாமல் கேட்ட பேச்சை இரட்டை மேற்கோளில் போடுவேன். சாரம் மட்டும் நினைவிருந்தால் ஒற்றை மேற்கோள். என் ஊகத்துக்குச் சதுர அடைப்பு. நீலச்சட்டைக்காரர் முன்சீட்டில் உட்காராததைப் பற்றி அன்று அடைப்புக்குள் ‘டிரைவரோடு ஏதோ மனத்தாங்கல்’ என்று எழுதியிருந்தேன். இரண்டு மாதம் கழித்து அவரே சொன்னார், கொண்டை ஊசி வளைவுகளில் முன்சீட்டில் இருந்தால் அவருக்குக் குமட்டும். ஊகம் அடைப்புக்குள் இருந்ததால் அதை மட்டும் கோடிட்டு அடித்தேன், பக்கம் அப்படியே நின்றது.

சொந்த வருத்தம், கோபம், களைப்பு இவற்றுக்கு வேறு நோட்டு வையுங்கள். பசிபிக் கடலின் டிரோபிரியாண்டு தீவுகளில் ஆய்வு செய்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி அப்படி ஒரு தனி நாட்குறிப்பு வைத்திருந்தார். அவர் இறந்து 25 ஆண்டுகளுக்குப் பிறகு, 1967இல், அது அச்சில் வந்தது. தீவு மக்கள்மேல் அவருக்கு வந்த எரிச்சலைப் படித்து மானிடவியல்காரர்கள் அதிர்ந்துபோனார்கள். எனக்கு அதில் பெரிதாகப் படுவது வேறு. அந்த எரிச்சல் அவருக்குள் இருந்தது என்பதை நாம் அறிய முடிகிறதே, அவர் எழுதிவைத்ததால்தானே?

கேள்வி: குமுளிப் பக்கம் வேலை பார்க்கிறேன். இங்கே தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு. குறிப்பெழுதும்போது நல்ல தமிழாக்கி எழுதலாமா, பேசியது பேசியபடி எழுதவேண்டுமா?
– வாசகி, குமுளி

பேசியது பேசியபடியே எழுதுங்கள். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு நடப்பைச் சொல்லவேண்டும்.

களத்தில் இறங்கிய இரண்டாம் வருஷம், ஆடி மாதம். வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ஓர் அக்கா குடியிருந்தார். பிறந்தது கூடலூர். பதினாறு வயசில் கட்டிக்கொடுத்து மலை ஏறியவர், மலையாளிகளோடு இருபது வருஷத்துக்கு மேல் புழங்கியவர். நாலு நாளாக அவரை வேலையில் காணோம். லயத்துக்கே போய்க் கேட்டேன். “நாலு நாளா ஒரே பனி. பணிக்குப் போகல” என்றார். ரஃப் நோட்டில் அதை அப்படியே கிறுக்கிக்கொண்டேன். ராத்திரி ஃபேர் நோட்டில் எழுதும்போது, ‘கடும் மூடுபனி காரணமாக நான்கு நாள்கள் வேலைக்குச் செல்லவில்லை’ என்று அழகாக எழுதினேன். சந்தேகமே வரவில்லை. ஆடியில் அந்த மலையில் எதிரே நிற்கும் ஆள் தெரியாது, நானே பார்த்திருக்கிறேன். அந்த மழைக்காலத்தில் மட்டும் இப்படி ஆறு இடங்களில் ‘மூடுபனி’ என்று எழுதியிருக்கிறேன். அதை வைத்து, மழைக்கால மூடுபனி பெண்களின் கூலியை எப்படித் தின்கிறது என்று அறிக்கையில் ஒரு பக்கமும் எழுதிவிட்டேன்.

ஐப்பசியில் ஃபேர் நோட்டையும் ரஃப் நோட்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒத்துப் பார்த்தேன். அந்த அக்காவின் பக்கத்தில் ரஃப் நோட்டில் இன்னும் இரண்டு குறிப்புகள் கிடந்தன: ‘ஜன்னல் திட்டு, மாத்திரை அட்டை பாதி காலி’, ‘கஞ்சி’. ஃபேர் நோட்டில் இரண்டுமே இல்லை. விஷயத்துக்குத் தொடர்பில்லை என்று விட்டுவிட்டேன். மூடுபனிக்கு யார் மாத்திரை போடுவார்கள்?

மறுநாளே மலை ஏறிப் போய்க் கேட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். “பனின்னா காச்சத்தான? கீழ அப்படிச் சொல்லமாட்டீகளா?”

மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். நாம் மூடுபனி என்பதை அவர்கள் ‘மஞ்ஞு’ என்பார்கள். வேலை அவர்களுக்குப் ‘பணி’. அந்த அக்கா ஒரே மூச்சில் சொன்ன பனியும் பணியும் எனக்குப் பள்ளிப் பாடத்துத் தமிழாகவே காதில் விழுந்திருக்கின்றன. மற்ற ஐந்து இடங்களையும் தேடிப் போய்க் கேட்டேன். மூன்று காய்ச்சல். ஒன்று நிஜமாகவே மூடுபனி. இன்னொன்று சொன்னவர் வேலையை விட்டுக் கீழே போய்விட்டார், கேட்க முடியவில்லை. அதற்கு எதிரே ‘தெரியவில்லை’ என்றே இன்றும் இருக்கிறது.

அறிக்கையில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். வானிலையைப் பற்றி எழுதவேண்டியதே இல்லை. காய்ச்சலில் படுத்த தினக்கூலிப் பெண்ணுக்கு அந்த நாளின் சம்பளம் இல்லை, மாத்திரைக்குக் காசு வேறு. எழுதவேண்டியிருந்தது அதுதான். ரஃப் நோட்டிலும் நான் ‘மூடுபனி’ என்று திருத்தி எழுதியிருந்தால், அந்த நாலு பெண்களின் காய்ச்சல் எங்குமே இல்லாமல் போயிருக்கும். மாத்திரை அட்டையைக் குறித்தது தற்செயல். இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

அதனால் அவர்கள் சொன்ன சொல்லை மேற்கோளில் போட்டு, பொருளைப் பக்கத்தில் எழுதுங்கள். பொருளையும் அன்றைக்கே அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். தெரிந்த சொல்லாகத் தோன்றினால் கட்டாயம் கேளுங்கள், அதுதான் ஏமாற்றும். குமுளியில் குடிக்க ‘வெள்ளம்’ கேட்பார்கள், கம்பத்தில் வெள்ளம் வந்தால் ஓடவேண்டும். இந்தப் பள்ளத்தாக்கில் பாதி ஊர்ப் பெயர் பட்டியில் முடியும், மலைமேல் பட்டி என்றால் நாய். என் நோட்டுகளின் கடைசிப் பக்கங்களில் இப்படிப்பட்ட சொற்களை, யார் எந்த ஊரில் என்றைக்குச் சொன்னார் என்பதோடு எழுதிவருகிறேன். இலக்கணத்தையும் திருத்தாதீர்கள். ‘போகல’ என்றால் ‘போகல’.

கேள்வி: கையில் போன் இருக்கிறது. ரெக்கார்டு போட்டுவிட்டுப் போகாமல் எதற்கு இந்தப் பாடு?
– வாசகர், சின்னமனூர்

மலை ஏறும் ஜீப்பில் போட்டுப் பாருங்கள், இன்ஜின் சத்தம் கேட்கும். அது கிடக்கட்டும். தூக்குவாளி கைமாறியதும் முன்சீட்டு காலியாகப் போனதும் எந்த ரெக்கார்டில் வரும்? அனுமதி வாங்கி உட்கார்ந்து பேசும் நேர்காணலுக்குப் போன் நல்லது, நானும் பயன்படுத்துகிறேன். கேட்காமல் சட்டைப்பையில் ஓடவிடுவது திருட்டு.

கேள்வி: கள் இறக்கும் தொழிலாளர்களைப் பற்றி ஆறு மாதம் எழுதிய குறிப்பு பதினோரு நோட்டு சேர்ந்துவிட்டது. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.
– ஆய்வு மாணவர், கொழிஞ்சாம்பாறை

தம்பி, ஆறு மாதம் சேரவிட்டதுதான் பாரம். நான் ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வாரத்துப் பக்கங்களை உட்கார்ந்து படிப்பேன். சரி, இப்போது முதல் நோட்டிலிருந்து கடைசி வரை, கையில் பேனா இல்லாமல், ஒருமுறை படித்துவிடுங்கள். இரண்டாம் முறை படிக்கும்போது ஓரத்தில் வேறு நிறத்தில் ஒவ்வொரு சொல் எழுதுங்கள்: கூலி, கடன், உடம்பு, சண்டை. பழைய வரியை அழிக்கவேண்டாம். மாற்றம் தோன்றினால் பக்கத்தில் இன்றைய தேதி போட்டு எழுதுங்கள். அன்றைக்கு அப்படி நினைத்தீர்கள் என்பதும் ஆய்வுக்கு வேண்டிய தகவல்தான்.

எண்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதல் வருஷம் நான் பல நாள் ‘ஜீப்பில் கூட்டம் குறைவு’ என்று எழுதிவிட்டு, காரணத்துக்குத் திருவிழா, கல்யாணம் என்று எதையாவது போட்டிருக்கிறேன். பிறகுதான் தலையை எண்ணி எழுத ஆரம்பித்தேன். 16, 16, 15, அப்புறம் 9, 8, மறுபடியும் 15. தேதி வாரியாக ஒரே தாளில் போட்டதும் விஷயம் துலங்கிவிட்டது. ஏலச்செடியின் சரத்தில் காய் எல்லாம் ஒரே நேரத்தில் விளையாது. விளைந்ததை மட்டும் எடுத்துவிட்டு, 30 முதல் 45 நாள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வருவார்கள். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில் ஆள் தேவை குறையும். ஜீப் காலியானது அந்த நாள்களில்தான். அந்த இடைவெளியில் யார் வீட்டில் அடுப்பு எரிகிறது, யார் வட்டிக்கு வாங்குகிறார்கள் என்ற கேள்விகள் அதிலிருந்துதான் எனக்குப் பிறந்தன. உங்கள் நோட்டிலும் மரம் எத்தனை, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறுகிறார்கள் என்பது சிதறிக் கிடக்கும். பொறுக்கி எடுங்கள்.

எண்ணி எழுதியதன் மதிப்பு நம்மோடு முடிவதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களைக் கொண்டு தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றை ஆராய்ந்தார். தென்னாற்காட்டு இருவேல்பட்டு அவற்றில் ஒன்று. இருபது வருஷம் கழித்து 1936–37இல் வேறு ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்குப் போய், என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல முடிந்தது. ‘நிலம் நிறைய’, ‘கூலி சொற்பம்’ என்று அந்த மாணவர்கள் எழுதிவைத்திருந்தால் எதோடு எதை ஒப்பிட்டிருப்பார்கள்?

கேள்வி: கூலியில் கங்காணி பிடித்துக்கொள்வதை நேரில் பார்த்தேன். குறிப்பில் எழுதினால் சொன்னவர்களுக்கு ஆபத்து வருமோ என்று பயமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், கம்பம்

எழுதுங்கள், பெயரில்லாமல். நான் எல்லாருக்கும் ஓர் எழுத்தும் எண்ணும் கொடுத்திருக்கிறேன். யார் எந்த எண் என்ற பட்டியல் வேறு நோட்டில், வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. களத்துக்கு அது வரவே வராது. பெயரை மறைத்தால் மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். ஜீப்பின் நிறம், சட்டையின் நிறம், எந்த ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவர் என்பதிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இந்தப் பத்தியில் நான் சொன்ன அடையாளங்களிலும் சிலவற்றை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஒருவர் “இதை எழுதாதத்தா” என்று சொன்னால் பென்சிலை வைத்துவிடுங்கள். எந்த நோட்டிலும் இல்லாத சில விஷயங்கள் எனக்கும் தெரியும்.

கேள்வி: போன மழையில் என் நோட்டு நனைந்து இருபது பக்கம் அழிந்துபோயிற்று. நினைவிலிருந்து எழுதலாமா?
– ஆய்வு மாணவி, தேனி

எழுதலாம், ‘நினைவிலிருந்து எழுதியது’ என்று தலைப்பிலேயே தேதியோடு போட்டுவிட்டு. சமூகவியலாளர் எம்.என். சீனிவாஸ் 1948இல் மைசூருக்குப் பக்கத்து ராம்புராவில் தங்கி எடுத்த குறிப்புகளைப் பல வருஷம் பண்படுத்தி, மூன்று பிரதிகளாக வைத்திருந்தார். 1970 ஏப்ரல் 24 அன்று அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் அவர் வேலை செய்த ஆய்வு மையத்துக்குத் தீ வைக்கப்பட்டது. மூன்று பிரதிகளும் அங்கேயே இருந்ததால் மூன்றும் எரிந்துபோயின. அவர் அந்த ஊரை நினைவிலிருந்து எழுதி, 1976இல் நூலாக வெளியிட்டார். பிற்பாடு எழுதியவர்கள் அதைக் கொண்டாடினார்கள். ஆனால் அதை நினைவில் எழுத முடிந்தது, அந்தக் குறிப்புகளோடு அவர் இருபது வருஷம் மாரடித்ததால்தான் என்று நான் நினைக்கிறேன். நீங்கள் எழுதவேண்டிய இருபது பக்கத்தை இந்த வாரமே எழுதுங்கள்.

இனிமேல் ஒவ்வொரு ராத்திரியும் எழுதியதைப் போனில் படமெடுத்து, வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பிவையுங்கள். நான் என் தங்கைக்கு அனுப்புகிறேன், அவள் மதுரையில் இருக்கிறாள். ஜெல் பேனாவை விட்டுவிடுங்கள். மலை மழைக்குப் பென்சில்தான் நிற்கும், நனைந்தாலும் எழுத்து ஓடாது. நோட்டைப் பால் பாக்கெட் கவரைக் கழுவிக் காயவைத்து அதில் போட்டு, ரவிக்கைக்குள் செருகிக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தது எங்கள் ஜீப்பில் வந்த பெண்கள். கூலிக் காசையும் அவர்கள் அப்படித்தான் கொண்டுவருவார்கள்.